கை போகும் இடம்

எங்கள் தெரு முனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய், மாலை நான்கரை மணிக்கு டீ சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்து என் பக்கம் தள்ளுவார். அன்றைக்குப் பேச்சை நான்தான் கொண்டுபோயிருந்தேன். முந்தின நாள் வாடகைக்கு வந்த ஒரு மின்சாரக் காரில் ஏறப் போய், கதவில் கைப்பிடியே காணாமல் நின்ற கதை. தகட்டோடு தகடாகப் படிந்திருந்த ஒரு பட்டையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை வெளியே வருமாம். டிரைவர் உள்ளே இருந்தபடியே சைகையில் சொல்லித்தந்தார். ஒருவழியாக ஏறினேன்.

“ஏறுறதுக்கே ஒருத்தர் பாடம் நடத்த வேண்டியிருக்கு பாய். அவசரத்துல இறங்கணும்னா?”

பாய் பதில் சொல்லாமல் உள்ளே போனார். கழித்துப் போட்ட சாமான்களைக் கிளறி, கையகலத்துக்கு ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து வந்து டீ கிளாஸ்களுக்கு நடுவே வைத்தார். பழைய கார் ஒன்றின் டோர் லாக். “சார், இதுதான் கதவு. மத்ததெல்லாம் வெறும் தகடு” என்றார்.

அந்தப் பெட்டியின் ஒரு பக்கத்தில், வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. வெட்டுக்குள் நண்டுக் கொடுக்கைப் போல ஒரு கொக்கி. பாய் ஸ்க்ரூ டிரைவரின் தண்டை அந்த வாய்க்குள் அழுத்தினார். கொடுக்கு சுழன்று அதைக் கவ்வியது. ‘டக்’ என்று ஒரு சத்தம், இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் இன்னொரு ‘டக்’. முதல் சத்தத்தில் கதவு பாதி மூடியிருக்கிறது, இரண்டாவதில்தான் முழுதும் மூடுகிறது என்று பொருள். காரில் அந்த ஸ்க்ரூ டிரைவரின் இடத்தில் இருப்பது, கதவு நிலையில் பதித்திருக்கும் தடித்த இரும்பு வளையம். நம் வீட்டு வாசல் கதவின் நாதாங்கி போல. இப்போது ஸ்க்ரூ டிரைவரை இழுத்துப் பாருங்கள் என்றார். இழுத்தேன், அசையவில்லை. கொடுக்கு திரும்பிவிடாதபடி அதன் முதுகில் ஒரு சின்னப் பல் ஊன்றி நிற்கிறது. பாய் ஒரு நெம்பை விரலால் சுண்டினார். பல் விலகியது. ஸ்க்ரூ டிரைவர் என் கையோடு வந்துவிட்டது.

காரின் கதவைத் திறப்பது என்பது அந்தப் பல்லை விலக்குவதுதான். கைப்பிடி அழகாக இருக்கலாம், தோல் சுற்றியிருக்கலாம், தொட்டால் ஒளிரலாம். கடைசியில் யாராவது அந்தப் பல்லை விலக்கியாக வேண்டும்.

பழைய காரில் அதை விலக்குவது உங்கள் விரல். உள்கைப்பிடியை இழுத்தால் சைக்கிள் பிரேக் ஒயர் போன்ற ஒரு கேபிள் இழுபட்டு, நெம்பு அசைந்து, பல் விலகும். நடுவில் மின்சாரம் கிடையாது. புதுப் பாணிக் கதவில் நீங்கள் ஒரு பட்டனை அமுக்குகிறீர்கள். அது கதவுக்கென்று இருக்கும் ஒரு சின்னக் கணினியிடம் சொல்கிறது. பூட்டியிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா, கண்ணாடி இறங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, அது பெட்டிக்குள் இருக்கும் குட்டி மோட்டாருக்கு உத்தரவு தருகிறது. மோட்டார் பல்லை விலக்குகிறது. கொடுக்கும் பல்லும் பழையவைதான். விரலுக்கும் பல்லுக்கும் நடுவில் இருந்த கம்பி போய், அந்த இடத்தில் மின்சாரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

எதற்காக இந்த மாற்றம்? முதல் காரணம் அழகு. 2012-இல் டெஸ்லாவின் மாடல் எஸ் வந்தபோது, சாவியோடு கிட்டே போனால் கைப்பிடி தானாக வெளியே நீண்டு வரவேற்றது. பார்த்தவர்கள் மயங்கினார்கள். அதற்குப் பிறகு மின்சாரக் கார் என்றால் கதவு வழவழவென்று இருக்க வேண்டும் என்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. காற்றின் தடை குறையும் என்பது இரண்டாவது காரணம். உண்மைதான், ஆனால் மிகச் சின்ன உண்மை. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத கதவுகளில், திறக்கும் முன் கண்ணாடி ஓர் இம்மி கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ரப்பரில் உரசும். பட்டன் வைத்தால் முதலில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிறகு கதவை விடலாம்.

இது மின்சாரக் காரில் பிறந்த சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. 2015 ஜூன் மாதம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்ற ஊர். 72 வயதுக்காரர் ஒருவர் ஓர் உணவகத்தின் வாசலில் நிறுத்தியிருந்த தன் காரில், தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். 2007-ஆம் வருடத்து ஷெவர்லே கார்வெட். பெட்ரோல் வண்டிதான், ஆனால் கதவு பட்டனில் திறப்பது. பேட்டரி கேபிள் கழன்றதில் காரின் மின்சாரம் மொத்தமும் நின்றுபோனது. போனை உணவகத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கோடை வெயிலில் அந்தக் காருக்குள்ளேயே அவரும் நாயும் இறந்துகிடந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கதவோரமாகத் தரையில், இழுத்தால் கதவைத் திறந்துவிடும் ஒரு கைப்பிடி அந்தக் காரில் இருந்தது. அவர் கைக்கு எட்டும் தூரம்.

இதைச் சொன்னபோது பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

மின்சாரக் காருக்கு வருவோம். பலரும் கேட்பது இது: இவ்வளவு பெரிய பேட்டரி காருக்கு அடியில் பாய் விரித்த மாதிரி கிடக்கிறதே, அதில் பாதி சார்ஜ் இருந்தால்கூடக் கதவு திறக்காதா? திறக்காமல் போகலாம். மின்சாரக் காரில் பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பேட்டரி பெரும்பாலும் 400 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ இருப்பது. கதவு, விளக்கு, ஹாரன், கண்ணாடி, கணினி எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. வழக்கமாக 12 வோல்ட், நம் பழைய கார்களில் இருக்கும் அதே சங்கதி. பெரியது சின்னதற்கு அவ்வப்போது சார்ஜ் ஊட்டும். சின்னது வயதாகிச் செத்துவிட்டால், பெரியதில் இருப்பது கதவுக்கு வந்து சேராது. கிணறு நிறையத் தண்ணீர், வாளிக் கயிறு அறுந்துவிட்டது.

விபத்தில் இது இன்னும் இறுகும். மோதல் பலமாக இருந்தால் பெரிய பேட்டரியை மற்ற பாகங்களிலிருந்து கார் தானாகவே துண்டித்துக்கொள்ளும். சிறு வெடி வைத்துக் கம்பியை அறுக்கும் ஃபியூஸ்கூடச் சில கார்களில் உண்டு. மீட்க வருகிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து கதவின் கதி அந்தச் சின்ன பேட்டரியும் அதன் ஒயர்களும் நசுங்காமல் இருப்பதைப் பொறுத்தது.

விபத்தே இல்லாமலும் மாட்டிக்கொள்ளலாம். 2024 ஜூனில் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில், ஒன்றரை வயது தாண்டிய குழந்தையைப் பின் இருக்கையில் உட்கார வைத்துக் கதவை மூடிவிட்டு, பாட்டி முன்பக்கம் வந்தார். கதவு திறக்கவில்லை. டெஸ்லா மாடல் ஒய் கார். சின்ன பேட்டரி அந்த நேரம் பார்த்து உயிரை விட்டிருந்தது. தீயணைப்புப் படையினர் வந்து கோடாரியால் கண்ணாடியை உடைத்துக் குழந்தையை எடுத்தார்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2021-ஆம் வருட மாடல் ஒய் கார்கள் ஏறத்தாழ 1,74,000-ஐக் குறித்து விசாரணை தொடங்கியது. அப்போது கையில் இருந்த ஒன்பது புகார்களில் நான்கில், பெற்றோர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை வெளியே எடுத்திருந்தார்கள்.

டெஸ்லாவை மட்டும் சொல்வது நியாயமல்ல. அதே ஆண்டு ஜூனில் ஃபோர்டு தன் மஸ்டாங் மாக்-ஈ மின்சாரக் கார்களில் ஏறத்தாழ 1,97,000-ஐத் திரும்ப அழைத்தது. பெரியவர்கள் முன்பக்கம் இறங்கிக் கதவை மூடிய பிறகு சின்ன பேட்டரி வடிந்துபோனால், வெளியிலிருந்து கதவு திறக்காது, பின் இருக்கையில் இருப்பவர் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பது காரணம்.

“அப்ப வெளியிலேர்ந்து கரண்ட் குடுத்துட்டா?” என்று பாய் கேட்டார். தொழில்காரரின் கேள்வி. வழி இருக்கிறது. மாடல் ஒய்யின் முன் பம்பரில் ஒரு வட்ட மூடி உண்டு, கயிறு கட்டி இழுப்பதற்கான கொக்கியை மாட்டும் இடம். அதைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஒயர்கள். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் திறப்பது கதவல்ல, முன் மூடி. அதைத் தூக்கி, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரிக்கு இணைப்பு கொடுத்தால்தான் கதவுக்கு உயிர் வரும். வெயிலில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது இதைச் செய்யச் சொல்கிறது அந்த ஏற்பாடு.

சரி, உள்ளே இருப்பவருக்கு என்ன வழி? அதே காரில் முன் கதவில், கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகளுக்கு முன்னால் ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதை மேலே தூக்கினால் கம்பி வழியாகவே கதவு திறக்கும். மின்சாரம் தேவையில்லை. இதில் ஒரு வேடிக்கை. முதல் முறை ஏறும் விருந்தாளி இறங்கும்போது நேராக அந்த நெம்பைத்தான் இழுக்கிறார். ஏனென்றால் கை இயல்பாக அங்கேதான் போகிறது. உடனே கார்க்காரர் பதறுகிறார், “ஐயோ, அதை இழுக்காதீங்க, பட்டனை அமுக்குங்க!” கண்ணாடி இறங்காமல் கதவு திறந்தால் விளிம்பு கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை அவருக்கு ஞாபகம் வருகிறது. உயிர் காக்கும் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று பயணிகளைப் பழக்குகிறோம்.

பின் இருக்கையில் இருப்பவர் புதையல் எடுக்க வேண்டும். மாடல் ஒய்யில் கதவின் கீழ்ப் பையில் இருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, ஒரு கேபிளை முன்பக்கமாக இழுக்க வேண்டும். அதுவும் எல்லா மாடல் ஒய்களிலும் கிடையாது என்று கையேடே சொல்கிறது. பழைய மாடல் 3-இன் பின் கதவுகளில் அந்த ஏற்பாடே இல்லை. மாடல் எஸ்-இல் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பின் ஓரத்தை மடித்துப் பார்க்க வேண்டும். சிறகு போல மேலே விரியும் மாடல் எக்ஸ் கதவில், ஸ்பீக்கரின் மூடியைக் கழற்றி அதற்குள் கைவிட்டுக் கேபிளைத் தேட வேண்டும். புகை சூழ்ந்த இருட்டில், தலைகீழாகக் கவிழ்ந்த நிலையில், ஸ்பீக்கர் மூடியைக் கழற்றுகிற மனிதரை நானும் கற்பனை செய்து பார்த்தேன். முடியவில்லை.

2025 டிசம்பரில், 2022-ஆம் வருட மாடல் 3 கார்கள் ஏறத்தாழ 1,79,000-இல் இருக்கும் அவசரத் திறப்பு ஒளிந்திருக்கிறது, அடையாளம் இல்லை, தானாகப் புரியாது என்ற மனுவின் பேரிலும் அதே நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. சட்டப்படி அமெரிக்காவில் மின்சாரம் இல்லாமல் திறக்கும் உள்கைப்பிடி ஒவ்வொரு கதவிலும் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி அதுவரை கிடையாது. ‘வழி இருக்கிறதே’ என்று கம்பெனி சொன்னால் அது பொய்யாகாது.

ஆனால் வழி இருப்பது வேறு, கை அங்கே போவது வேறு. மனிதர்கள் இதைப் பலமுறை உயிர் கொடுத்துப் படித்திருக்கிறார்கள். அந்தப் பழைய பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரிட்ஜ் பாடம்.

அந்தக் காலத்து ஃப்ரிட்ஜுகளுக்கு வெளிப்பக்கம் ஒரு நெம்புத் தாழ்ப்பாள் இருக்கும். ‘சடக்’கென்று மூடும். உள்ளிருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடும் பிள்ளைகள், தூக்கிப் போட்ட பழைய ஃப்ரிட்ஜுக்குள் புகுந்து மூடிக்கொண்டு மூச்சுமுட்டி இறந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல. கடைசியில் அமெரிக்கா 1956-இல் ஒரு சட்டம் போட்டது: ஃப்ரிட்ஜ் கதவு உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். 1958 முதல் அமலானது. இன்று உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைக் காந்தப் பட்டை பிடித்து நிற்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அந்த வேளையில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2 முதல் 5 வயது வரை 201 குழந்தைகள். ஃப்ரிட்ஜ் போன்ற ஒரு கூண்டு. திறப்பதற்கு ஆறு விதமான ஏற்பாடுகள். வெளியிலிருந்து கவனித்தபடி, குழந்தை என்ன செய்கிறது என்று குறித்தார்கள். இப்போது அப்படி ஒரு சோதனைக்கு எந்தப் பெற்றோர் சம்மதிப்பார் என்று தெரியவில்லை. அதில் தெரிய வந்தவை: கிட்டத்தட்ட கால்வாசிப் பிள்ளைகள் ஒன்றுமே செய்யாமல் அப்படியே இருந்தார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளில் பாதிப்பேர் கத்தக்கூட இல்லை. பிடித்துக்கொள்ளத் தோதாக ஒரு குமிழ் கொடுத்தபோது, சிலர் இழுத்தார்கள், சிலர் தள்ளினார்கள், 40 சதவீதம் பேர் அதைத் திருகினார்கள். ஏன் திருகினார்கள்? அவர்கள் வீட்டுக் கதவில் இருந்தது திருகுகிற குமிழ். இருட்டில், பயத்தில், அந்தப் பிஞ்சுக் கைகள் யோசிக்கவில்லை. தினமும் செய்வதைச் செய்தன.

பெரியவர்களின் கையும் வேறு மாதிரி இல்லை. 1903 டிசம்பர் 30, சிகாகோ. இரோகுவாய் நாடக அரங்கு திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம். விடுமுறைக்கால மதியக் காட்சியில் தீப்பிடித்து, 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் நிறைய. வெளியேறும் கதவுகள் இருந்தன. சிலவற்றைத் திரைச்சீலை மறைத்திருந்தது. சிலவற்றில் ஐரோப்பியப் பாணியில் ஒரு நெம்புப் பூட்டு போட்டிருந்தார்கள். அமெரிக்கர்களுக்கு அது பழக்கமில்லை. கதவுக்கு முன்னால் நின்று, திறக்கத் தெரியாமல், பின்னால் வந்த கூட்டம் நெருக்க இறந்தார்கள்.

அந்தக் காட்சிக்கு வருவதாக இருந்து, வேலை வந்ததால் வராமல் தப்பித்தவர் இண்டியானாபொலிஸில் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியின் விற்பனையாளர், கார்ல் பிரின்ஸ்லர். அந்த நினைப்பு அவரை விடவில்லை. ஹென்றி டூபாண்ட் என்பவரோடு சேர்ந்து, கதவின் குறுக்கே ஒரு கம்பியைப் பொருத்தும் தாழ்ப்பாளைச் செய்து, 1908-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று மால்களிலும் சினிமா அரங்குகளிலும் அவசர வழிக் கதவில் குறுக்கே இருக்கிறதே, இடித்தாலே திறக்கிற கம்பி, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். (அந்த இரும்புச் சாமான் கம்பெனியின் பெயர் வானகட். எழுத்தாளர் கர்ட் வானகட்டின் மூதாதையர் கடை.) அந்தக் கம்பி உங்களிடம் எந்த அறிவையும் எதிர்பார்ப்பதில்லை. படிக்க வேண்டாம், திருக வேண்டாம், தேட வேண்டாம். பயந்து ஓடிவரும் உடம்பு எப்படியும் கதவில் மோதத்தான் போகிறது. மோதினால் திறந்துகொள்ளும்.

கார்க் கதவின் அவசரத் திறப்பை ஒரு தனி இடத்தில், தனிச் சாமானாக, தினசரிக் கைப்பிடியிலிருந்து பிரித்து வைத்தபோதே தவறு தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். அதற்கு எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும், கையேட்டில் எத்தனை பக்கம் ஒதுக்கினாலும், கை அங்கே போகாது. தினமும் இழுக்கிற கைப்பிடியையே லேசாக இழுத்தால் மோட்டார் திறக்கட்டும், இன்னும் பலமாக இழுத்தால் கம்பி திறக்கட்டும். மின்சாரக் கதவு வைத்த கார்களிலேயே இப்படிச் செய்தவை உண்டு. டெஸ்லாவின் வடிவமைப்புத் தலைவர் ஃப்ரான்ஸ் ஃபான் ஹோல்ஸ்ஹவுஸனும் 2025 செப்டம்பரில், இரண்டு திறப்பையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை நடக்கிறது என்று சொன்னார். பயத்தில் இருக்கும்போது கை பழகிய இடத்துக்குத்தான் போகும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். நூறு வருடம் கழித்து, பிரின்ஸ்லரின் கடைப் படிக்கட்டில் வந்து நின்றிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது உள்ளே இருப்பவரைப் பற்றி. மயங்கிக் கிடப்பவருக்கு உள்கைப்பிடி இருந்தும் பயனில்லை. வெளியிலிருந்து ஓடி வருகிறவர்தான் திறக்க வேண்டும். 2024 அக்டோபரில் கனடாவின் டொரன்டோவில் ஒரு டெஸ்லா மோதித் தீப்பற்றியது. உள்ளே ஐந்து பேர். வழியில் வந்தவர்கள் கண்ணாடியை உடைத்து ஓர் இளம்பெண்ணை வெளியே இழுத்தார்கள். மற்ற நால்வரும் இறந்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் பீட்மாண்ட் நகரில் டெஸ்லாவின் சைபர்டிரக் ஒன்று மரத்தில் மோதி எரிந்தது. அந்த வண்டிக்கு வெளியே கைப்பிடியே கிடையாது, பட்டன்தான். பின்னால் இன்னொரு வண்டியில் வந்த நண்பர் ஒரு மரக்கிளையால் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப அடித்து உடைத்து ஒருவரை மீட்டார். கல்லூரி வயதுப் பிள்ளைகள் மூவர் போய்விட்டார்கள். ஓட்டியவர் போதையில் மிக வேகமாக ஓட்டினார் என்பது விசாரணையில் தெரிந்தது. மோதியதற்குக் காரணம் அதுதான். வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் என்ன என்பது வேறு கேள்வி, அதை எழுப்பித்தான் குடும்பங்கள் வழக்குப் போட்டன.

சீனாவிலும் இப்படித்தான் பேச்சு சூடு பிடித்தது. 2025 மார்ச்சில் அன்ஹுய் மாகாணத்தின் நெடுஞ்சாலையில் ஷாவ்மி எஸ்யூ7 மின்சாரக் காரில் போன மூன்று மாணவிகள் இறந்தார்கள். கதவு திறந்ததா என்று நாடே கேட்டது. அக்டோபரில் செங்டுவில் எரிந்த இன்னொரு எஸ்யூ7-இன் கதவைத் திறக்க வழிப்போக்கர்கள் கையாலும் காலாலும் முயன்று தோற்ற காட்சி எல்லார் போனிலும் ஓடியது. சீன அரசு 2026 தொடக்கத்தில் விதியை வெளியிட்டது. 2027 ஜனவரி முதல் அங்கே விற்கும் புது மாடல்களில், டிக்கி தவிர ஒவ்வொரு கதவுக்கும் உள்ளேயும் வெளியேயும் கம்பியில் இயங்கும் திறப்பு இருந்தாக வேண்டும். வெளியே கைவிட்டுப் பிடிக்க 6 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இடம் வேண்டும். விரல்கள் நுழைகிற குழி. முன்பே அனுமதி பெற்ற மாடல்களுக்கு இன்னும் இரண்டு வருட அவகாசம். உலகத்திலேயே அதிக மின்சாரக் கார் செய்கிற நாடு இப்படிச் சொன்னால், மற்ற ஊர்க் கார்களும் அந்த அச்சுக்கு வந்துவிடும்.

நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இங்கே ஓடும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் வெளிக்கைப்பிடி என்ன வேஷம் போட்டாலும் உள்ளே பழைய இழுப்புக் கைப்பிடிதான். நிம்மதி. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்கு வந்த விதிகளில், மின்சாரம் போனாலும் சென்ட்ரல் லாக்கைக் கையால் மீறித் திறக்கும் வசதி வேண்டும் என்பதும் ஒன்று. வெள்ளத்தில் மாட்டிய கார்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கண்ணாடியை உடைத்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்க் கண்ணாடி இரண்டு ஜாதி. ஒன்று குத்தினால் பொரிகடலை மாதிரி உதிர்வது. இன்னொன்று நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, முன் கண்ணாடி போல. விரிசல் விடும், உதிராது. சத்தம் குறைய என்று இப்போது பக்கக் கண்ணாடியிலும் இதைப் போடுகிறார்கள். அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கமான ஏஏஏ 2019-இல் ஆறு வகை உடைக்கும் கருவிகளைச் சோதித்தது. முதல் ஜாதியை நான்கு உடைத்தன. இரண்டாவதை ஒன்றும் உடைக்கவில்லை. உங்கள் கண்ணாடி எந்த ஜாதி என்பது அதன் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். உதிர்கிற வகை என்றால், ஸ்பிரிங் வைத்த குத்தூசி ஒன்று சில நூறு ரூபாய். டிக்கியில் வைக்காதீர்கள், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

பாய் இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். “சார், ஊர்ல உள்ள வண்டியெல்லாம் சொன்னீங்க. உங்க வண்டில பின் சீட்டுல உக்காந்து கதவத் திறந்து பாத்திருக்கீங்களா?”

பதினான்கு வருடக் கார். ஒரு பட்டனும் கிடையாது. எல்லாம் கம்பி. நான் எப்போதும் முன்னால்தான் உட்காருவேன். சிரித்துக்கொண்டே போய்ப் பின்பக்கம் ஏறி, இடது கதவை மூடிக்கொண்டு, கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பாய் வெளியிலிருந்து திறந்துவிட்டு, கதவின் விளிம்பில் பூட்டுக்குக் கீழே இருந்த ஒரு சின்னச் சுவிட்சை நகத்தால் காட்டினார். சைல்டு லாக். உள்கைப்பிடியை அறுத்துவிடுகிற சுவிட்ச். வண்டி வாங்கியபோது மகளுக்கு நாலு வயது, அப்போது போட்டது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தோழிகள் வண்டியில்தான் சுற்றல், எங்களோடு வந்தால் வலது பக்கம்.

இடது பக்கம் அம்மாவின் இடம். கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், டாக்டர் வீட்டில், வண்டி நின்றதும் நாங்களெல்லாம் இறங்கிவிடுவோம். அம்மா மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது சுற்றி வந்து கதவைத் திறக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்து மனுஷி, மரியாதை எதிர்பார்க்கிறார் என்றே நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.